கெளம்பலாமா, கௌம்பலாமா?

நிரல் எழுதும் ஏஜெண்டிடம் ஒரு வேலையை ஒப்படைக்கும்போது நான் முதலில் தட்டும் வரி அநேகமாக எப்போதும் ஒன்றுதான்: “எந்தக் கோப்பையும் தொடாதே. போய்ப் படித்துவிட்டு வா. என்ன பார்த்தாய் என்று எழுதிக் கொடு.” என்னோடு வேலை செய்யும் நண்பனுக்கு இது சிரிப்பு. “நீ அதுக்கு ஹோம்வொர்க் குடுக்கிற, நான் வேல குடுக்கிறேன்” என்பான். அவன் கேட்ட நிமிஷத்தில் நிரல் வந்து விழும். ஓடவில்லை என்றால் பிழைச் செய்தியை அப்படியே வெட்டி ஒட்டுவான். மூன்றாவது, நான்காவது சுற்றில் ஓடிவிடும். பல வேலைகளுக்கு அதுவே போதும், நான் மறுக்கவில்லை.

நம் இலக்கிய வட்டத்தில் ஏஐ என்று ஆரம்பித்தால் அது கவிதை எழுதுமா, எழுதினால் அது கவிதையா என்ற சண்டையில்தான் போய் முடிகிறது. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை. நான் சொல்ல வருவது ஒரு மனிதர் எழுதி வைத்துவிட்டுப் போனதை, ஓர் எழுத்தும் மாறாமல் இந்தப் பக்கம் கொண்டுவரும் வேலை. அதை ஒரு இயந்திரத்தை வைத்துக்கொண்டு செய்வது எப்படி என்பது.

கிள்ளானில் இருக்கும் ஓர் அக்கா போன வருஷம் என்னிடம் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கணினி வாங்கி, 1998-லிருந்து 2004 வரை கதைகள் தட்டி வைத்திருக்கிறார். ஒரே ஒரு சிறிய தொகுப்பு அச்சில் வந்தது. மற்றதெல்லாம் நெகிழ்வட்டுகளில் கிடந்து, அவர் காலமான பிறகு யாரோ ஒரு புண்ணியவான் நகலெடுத்துக் கொடுத்ததில் 63 கோப்புகள் மிஞ்சின. திறந்தால் தமிழ் இல்லை. தலையில் கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் திரை முழுக்க வரிசை கட்டி நின்றன. “தம்பி, நீங்க கம்ப்யூட்டர்லதானே வேல செய்றீங்க. இத படிக்கிற மாதிரி மாத்திக் குடுங்களேன்” என்றார். வேறு நகல் கிடையாது. கையெழுத்துப் பிரதியும் கிடையாது. மனிதர் நேராகத் திரையில் எழுதிப் பழகியிருக்கிறார்.

இந்தக் கொம்பு எழுத்துகளின் கதை இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யூனிகோடு நம் கைக்கு வருவதற்கு முன்னால், கணினிக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கு என்று ஒதுக்கிய எண்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்து ஏமாற்றினோம். இலங்கைத் தமிழர்களிடம் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்பது கணினியைப் பொறுத்தவரை எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எழுத்துரு இருக்கும்வரை அம்மா. இல்லாவிட்டால் குப்பை. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஓர் அட்டவணை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் மலேசியாவில் முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறனும் இந்தக் காட்டில்தான் பாதை போட்டார்கள். சிங்கப்பூரில் 1997-இல் நடந்த தமிழ்நெட் மாநாடு, சென்னையில் 1999-இல் நடந்த மாநாடு, திரும்ப 2000-இல் சிங்கப்பூர் என்று கூடிக்கூடிப் பேசியதில் பெரும்பகுதி, எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதுதான். உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் மாதக்கணக்கில் விவாதித்து உருவாக்கிய டிஸ்கி என்ற குறியீடு அப்போது வந்தது. தமிழ்நாடு அரசு டேப், டேம் என்று வேறு இரண்டை அறிவித்தது. இத்தனைக்கும் நடுவே ஒவ்வோர் அச்சகமும் தன் சொந்த எழுத்துருவோடு தனி ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தது.

ஆகவே அக்காவின் பென்டிரைவில் இருப்பது எது என்பதே முதல் கேள்வி. இங்கேதான் என் பழக்கம் உதவியது.

ரிசர்ச் ஏஜெண்ட் என்றதும் பெரிதாக எதையோ கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நிரல் எழுதும் அதே மொழி மாதிரிதான். அதன் கையில் சில கருவிகளைக் கொடுத்திருப்போம்: கோப்பைத் திறக்கலாம், அதற்குள் தேடலாம், சின்னச் சின்னக் கட்டளைகளை ஓட்டிப் பார்க்கலாம், இணையத்தில் தேடிப் பக்கங்களை வாசிக்கலாம். ஒன்றைப் படித்ததும் அடுத்து எதைப் படிப்பது என்று அதுவே முடிவு செய்து சுற்றிச் சுற்றி வரும். கடைசியில் ஓர் அறிக்கை எழுதும். வித்தியாசம் என்னவென்றால், எழுதும் உரிமை அதற்கு இல்லை. இந்த உரிமை பறிப்பில்தான் விஷயமே இருக்கிறது. எழுதும் உரிமையோடு உள்ளே விட்டால் அது முதல் ஊகத்தைப் பிடித்துக்கொண்டு இருநூறு வரி எழுதிவிடும். பிறகு நாம் எதைச் சொன்னாலும் அந்த இருநூறு வரியைக் காப்பாற்றும் விதமாகவே யோசிக்கும். இதில் மனிதர்களும் விதிவிலக்கு இல்லை. முதல் அத்தியாயத்தை எழுதி முடித்த நாவலாசிரியரிடம் அதைத் தூக்கிப்போடச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் இயந்திர சம்பந்தமானது. ஓர் உரையாடலில் அந்த மாதிரி நினைவில் வைத்துக்கொள்ளக்கூடியதற்கு அளவு இருக்கிறது. தேடும்போது படித்த நாற்பது பக்கங்களும், அதில் உதவாத முப்பத்தைந்தும், அதற்குள் நிரம்பிக் கிடக்கும். அந்தக் குப்பைமேட்டின் மேல் உட்கார்ந்து நிரல் எழுதச் சொன்னால் தரம் இறங்கும். அறிக்கையை ஒரு கோப்பில் சேமித்து, அந்த உரையாடலை மூடிவிட்டு, புதிய உரையாடலில் அறிக்கையை மட்டும் கொடுத்து எழுதச் சொல்வேன். நடுவில் ஒரு மனிதன் அறிக்கையை முழுசாகப் படித்திருக்க வேண்டும். நம்மில் பலர் தவறவிடுவது இந்தப் படிதான்.

பதினோரு நிமிஷத்தில் அறிக்கை வந்தது. 54 கோப்புகள் டிஸ்கி, மீதி 9 என்னவென்று தெரியவில்லை என்றது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்பதற்கும் காரணம் சொல்லியிருந்தது. டிஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும். ‘கொ’ என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோட்டில் ஒலிக்கும் வரிசை: முதலில் க, பிறகு ஒகரக் குறி. கொம்புகளுக்கு என டிஸ்கி வைத்திருக்கும் எண்கள் எப்போதும் மெய்யெழுத்து எண்களுக்கு முன்னால் வருகின்றனவா என்று அந்த 63 கோப்புகளிலும் எண்ணிப் பார்த்திருக்கிறது. நான் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன், ஆனால் ஒரு சாயங்காலம் போயிருக்கும்.

அடுத்தது எனக்குப் பிடித்த பகுதி. மாற்றி எழுதும் நிரலை நீ எழுதவே வேண்டாம் என்றது. லினக்ஸ் கணினிகளின் அடியில் இருக்கும் குனூ சி நூலகத்திலேயே டிஸ்கியை யூனிகோடாக மாற்றும் வழி இருக்கிறது. ‘ஐகான்வ்’ என்ற பழைய கட்டளை ஒன்று போதும். ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்திலும் பழைய குறியீடுகளுக்கான மாற்றிகள் உள்ளன. யாரோ எப்போதோ செய்து வைத்துவிட்டார்கள். ஆராய்ச்சியின் ஆகச் சிறந்த பலன், எழுதாமல் விட்ட நிரல்தான். நண்பனின் வழியில் போனால் என்ன ஆகும் என்று பார்க்க, வேறு உரையாடலில் எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் நேராக எழுதச் சொன்னேன். அழகான நிரல் வந்தது. மேல்பாதியின் எண்களுக்கான அட்டவணையை அது நினைவிலிருந்தே எழுதியிருந்தது. ஆறு இடங்கள் தள்ளிப்போயிருந்தன. அதில் நான்கு கிரந்தம். ஒரு தோட்டத்துக் கதையில் ‘ஹ’ எத்தனை முறை வரும்? முதல் பத்துப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லியிருப்போம்.

‘இ’யைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் அறிக்கையில் இருந்தது. டிஸ்கியில் இ-யின் எண் 173. அதே எண் மேற்கத்திய அட்டவணையில் மென்கோடு, அதாவது வரி மடிந்தால் மட்டும் தெரியும் இணைப்புக்கோடு. சில மென்பொருள்கள் அதைக் காட்டாமலே விழுங்கிவிடும். அதனால்தான் டிஸ்கியில் இ-க்குப் பிறகு இரண்டாவதாக ஓர் இடமும் கொடுத்தார்கள். கோப்புகள் ஏதாவது ஒரு மின்னஞ்சல் வழியாக வந்திருந்தால் இ-க்கள் ஏற்கெனவே காணாமல் போயிருக்கலாம், எண்ணிப் பார் என்றது. எண்ணினேன். இருந்தன. வாழ்க்கையில் இ-க்களை எண்ணி நிம்மதி அடைவேன் என்று நினைத்ததில்லை.

இதெல்லாம் நல்ல பக்கம். ஒரு நூலகத்தின் பெயரையும் அது சிபாரிசு செய்தது. தேடினால் அப்படி ஒன்று இல்லை. இருக்கவேண்டியதுபோலத்தான் பெயர் இருந்தது. இது வேடிக்கை மட்டும் இல்லை. இந்த மாதிரிகள் கற்பனையாகச் சொல்லும் பெயர்களில் யாராவது விஷமிகள் உண்மையாகவே ஒரு நூலகத்தைப் பதிந்து வைத்துக் காத்திருக்கலாம், சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு நிறுவுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இன்னோர் இடத்தில் ஒரு பக்கத்தைச் சுட்டி அது இப்படிச் சொல்கிறது என்று எழுதியிருந்தது. பக்கம் இருக்கிறது. ஆனால் அதில் அப்படி எதுவும் இல்லை. பல்கலைக்கழக ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிய அனுபவமாக இருக்காது.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அறிக்கையின் நாலாவது பக்கத்தில் இருந்த ஒரு விதி. அதில் தகவல் பிழை ஒன்றுகூட இல்லை.

ஔகாரக் குறி உங்களுக்குத் தெரியும்: கௌ, மௌ, வௌ. இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, வலப்பக்கம் ள போன்ற ஒரு வடிவம். அது ள அல்ல, ளகரத்தின் வேடத்தில் இருக்கும் தனிக் குறி. டிஸ்கியில் அதற்குத் தனி எண்ணே உண்டு. ஆனால் வீட்டில் உட்கார்ந்து தானாகத் தட்டக் கற்றுக்கொண்ட ஒரு பெரியவருக்கு அது எங்கே தெரியப்போகிறது? அக்காவின் அப்பா கொம்பைத் தட்டி, மெய்யைத் தட்டி, பக்கத்தில் ள-வைத் தட்டியிருக்கிறார். திரையில் அச்சு அசல் கௌ மாதிரியே இருந்திருக்கும். யூனிகோடாக மாற்றினால் ‘மௌனம்’ மெ, ள, ன, ம் என்று நாலு எழுத்தாக வந்து நிற்கிறது: மெளனம். பௌர்ணமி, பெளர்ணமி ஆகிறது. இணையத்தில் பாதித் தமிழ் இன்றைக்கும் இப்படித்தான் இருக்கிறது. (இந்தக் கட்டுரையை வாசிக்கும் உங்கள் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தால், பிரச்சினை உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.)

ஏஜெண்டின் விதி இதுதான்: எகரம் ஏறிய மெய்க்கு அடுத்து, எந்தக் குறியும் இல்லாத வெறும் ள வந்தால், இரண்டையும் சேர்த்து ஔகாரமாக மாற்றிவிடு. ள-வுக்குப் பின் குறி இருந்தால் தொடாதே. அதனால் தெளிவு, வெளிச்சம், கெளுத்தி எல்லாம் தப்பித்துவிடும். மெளனம் சரியாகிவிடும். அழகான விதி. ஆதாரங்களும் கொடுத்திருந்தது. எழுத்துத் தமிழில் இந்த விதி கெடுக்கக்கூடிய ஒரு சொல்லை யோசித்துப் பாருங்கள். எனக்குச் சட்டென்று ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் நான் அதற்கு முன்பே அச்சில் வந்த அந்தச் சிறிய தொகுப்பை வாசித்திருந்தேன். அதில் யாரும் ‘கிளம்ப’ மாட்டார்கள். “கெளம்பு கெளம்பு, ஆறு மணிக்கு பெரட்டு” என்றுதான் தோட்டம் விடியும். லயத்தில் ‘விளக்கு’ எரியாது, வெளக்குதான் எரியும். பையன்கள் வெளயாடுவார்கள். மூலை வீட்டில் ஒரு கெளவி இருப்பாள். ஏஜெண்டின் விதியை ஓட்டினால் அத்தனை பேரும் கௌம்பி, வௌக்கு ஏற்றி, வௌயாடப் போய்விடுவார்கள்.

இது தற்செயல் மோதல் அல்ல என்பதுதான் எனக்கு வியப்பு. யோசிக்க யோசிக்க அது விரிந்தது. பேச்சுத் தமிழில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதல் அசையில் இகரம் வந்து அடுத்த அசையில் அகரம் வந்தால் அந்த இகரம் எகரமாக இறங்கும். இலை எலை ஆவதும், விலை வெலை ஆவதும், நிலம் நெலம் ஆவதும் அப்படித்தான். (உகரம் ஒகரமாவதும் அதே கணக்கு: குடை கொடை.) இறங்குவதற்கு அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வேண்டும். தமிழில் அகரத்துக்குத் தனிக் குறி கிடையாது, மெய் வெறுமனே நிற்பதுதான் அகரம். ஆக, பேச்சு எங்கே இகரத்தை எகரமாக்குகிறதோ, பெரும்பாலும் அங்கேதான் அடுத்த ள குறி இல்லாமல் வெறுமனே நிற்கிறது. கிழவி கெழவியாகி, நம் வாயில் ழ ள-வாகி, கெளவியாக வந்து நிற்பதும் அதே வழியில்தான். எழுத்துத் தமிழுக்கு அந்த விதி ஒரு தீங்கும் செய்யாது. அது தேடிப்பிடித்து அடிப்பது பேச்சை மட்டும். மூன்று தலைமுறை தோட்டத்துப் பேச்சைக் காதால் கேட்டு எழுதிய ஒருவரின் கோப்புகளில் இதை ஓட்டியிருந்தால், ஒரு கட்டளையில், சத்தமே இல்லாமல், அந்தப் பேச்சு போயிருக்கும். அதிலும், கண்ணுக்கு முன்போலவே தெரியும். தேடும்போதும், கணினி வாய்விட்டு வாசிக்கும்போதும், அடுத்த பதிப்பில் வேறு எழுத்துருவில் அச்சாகும்போதும்தான் உறைக்கும்.

ஏஜெண்ட் இதை ஏன் பார்க்கவில்லை? அது படித்த பக்கங்கள் எல்லாம் எழுத்துத் தமிழைப் பற்றியவை. தோட்டத்துத் தமிழுக்கு இணையத்தில் என்ன இருக்கிறது? இருப்பதெல்லாம் இப்படிப் பென்டிரைவ்களில் கொம்பு முளைத்துக் கிடக்கிறது. நான் ‘கெளம்பு’வைச் சுட்டிக்காட்டியதும், “நீங்கள் சொல்வது முற்றிலும் சரி” என்று அந்த எரிச்சலூட்டும் பணிவோடு ஆரம்பித்து, விதியை மொத்தமாகவே எடுத்துவிடலாம் என்றது. ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் விழும் பொம்மை மாதிரி. அப்படிச் செய்தால் மௌனம் மெளனமாகவே நிற்கும். நான் விடவில்லை. மாற்ற வேண்டியதும் கூடாததும் எந்தெந்த இடம் என்று பட்டியல் எடுத்துக் கொடு, எதையும் மாற்றாதே என்று மறுபடி படிக்க அனுப்பினேன்.

பட்டியல் எடுப்பதிலும் ஒரு பள்ளம் இருந்தது. பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் கருவியில் ‘சொல்’ என்பதற்கு ஒரு சுருக்கக் குறி உண்டு. அது தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிக்காது. ‘தமிழ்’ என்ற சொல்லை அதனிடம் கொடுத்தால் துண்டு துண்டாக முறித்து வைக்கும். இதை இரண்டாவது அறிக்கை முன்கூட்டியே சொல்லி, வேறு தொகுப்பைச் சிபாரிசு செய்தது. இந்த முறை அந்தத் தொகுப்பு உண்மையிலேயே இருந்தது.

மொத்தம் 417 இடங்கள். மௌனம், கௌரவம், சௌகரியம், வௌவால் என்று சந்தேகமே இல்லாதவை ஒரு பக்கம் ஒதுங்கின. கெளம்பு, வெளக்கு வகை இன்னொரு பக்கம். இரண்டிலும் சேராமல் 38 மிஞ்சின. அவற்றில் பெரும்பாலானவை ஒரே சொல்: கௌவி அல்லது கெளவி. நாய் எலும்பைக் கௌவும். கெளவி திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். கோப்பில் இரண்டுக்கும் ஒரே ஐந்து எண்கள்தான். கோப்பிலேயே இல்லாத வேறுபாட்டை எந்த நிரலும் அதிலிருந்து எடுக்க முடியாது.

இந்த இடத்தில் எனக்கு உ.வே.சா. ஞாபகம் வந்தது, கொஞ்சம் பெரிய ஒப்பீடுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது அவர் கையில் இருந்த ஏடுகளின் எழுத்துமுறையும் இப்படிப்பட்டதுதான். ஓலையில் பொதுவாகப் புள்ளி வைக்க மாட்டார்கள். கொம்பு ஒற்றையா இரட்டையா என்று தெரியாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். எழுத்தில் இல்லாததைப் படிப்பவர் தன் படிப்பிலிருந்து கொடுக்க வேண்டும். அவருக்குச் சமண நூல்களும் யாப்பும் உரையும் தேவைப்பட்டன. எனக்கு ஓர் அக்கா தேவைப்பட்டார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கிள்ளான் போனேன். பசியாறிவிட்டு உட்காருவோம். நான் ஒவ்வோர் இடத்தையும் பத்தியோடு திரையில் போட, அவர் வாய்விட்டுப் படிப்பார். கண்ணால் பார்த்தால் குழம்புகிறது, வாயால் படித்தால் தெரிந்துவிடுகிறது. “இது கெளவிதான் தம்பி. எங்க அப்பாயி. மூக்குத்தி இருக்கு பாருங்க.” “இது நாய்.” முப்பத்தேழு இடங்களை அவர் தயங்காமல் பிரித்துவிட்டார். நடுநடுவே கதையே மறந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். திரும்பி வரும்வரை நான் காத்திருப்பேன். அந்த நேரத்தை எந்த அறிக்கையிலும் கணக்கில் எடுத்திருக்க முடியாது.

ஓரிடம் மட்டும் அவருக்கும் பிடிபடவில்லை. இரவில் சட்டியில் மூடி வைத்த மீன் காலையில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள்: “அந்த மீன கெளவி எடுத்துட்டுப் போயிருச்சு.” இரண்டு பத்திக்கு முன்னால் ஒரு பூனை வந்துபோகிறது. நாலு பத்திக்கு முன்னால் பசியோடு ஒரு கெளவியும் இருக்கிறாள். போயிருச்சு என்பது பூனைக்கும் பொருந்தும். தோட்டத்தில் வயசான பொம்பளைகளையும் அப்படித்தான் சொல்வார்கள். கதை முடியும்வரை யார் எடுத்தது என்று தெரிவதில்லை. அக்கா மூன்று தடவை படித்தார். “அப்பா வேணும்னே செஞ்சிருப்பாரோ?” என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. தட்டச்சில் ஔகாரக் குறி எங்கே என்று தெரியாத மனிதர்தான். ஆனால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்? அதை அப்படியே விட்டோம். ஆவணத்தில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு குறிப்பு இருக்கிறது.

அதற்கப்புறம்தான் நிரல். புதிய உரையாடல், இரண்டு அறிக்கைகள், அக்கா பிரித்துக் கொடுத்த பட்டியல். 140 வரிகூட வரவில்லை. ஒரே தடவையில் ஓடியது. அச்சில் இருந்த தொகுப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சோதனையும் சேர்த்தேன். அச்சகத்தார் ‘கெளம்பு’வைச் சில இடங்களில் ‘கிளம்பு’ என்று திருத்தியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. மனிதர்களும் இதே விதியைத்தான் வேறு விதமாக ஓட்டுகிறார்கள்.

நண்பனிடம் இதைச் சொன்னபோது, “ஒரு கட்டளைக்கு ரெண்டு வாரமா?” என்றான். அவன் கேள்வி நியாயமானது. ஒரு இணையப் பக்கத்தில் பொத்தான் தப்பான இடத்தில் இருந்தால் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஆராய்ச்சி வைத்தால் அது சோம்பேறித்தனத்தின் இன்னொரு பெயர். நானும் அதற்கெல்லாம் நேராக எழுதத்தான் சொல்கிறேன். அறிக்கை வாசிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, வேலை நடந்துவிட்டதுபோல ஒரு மயக்கம் தரும், அதையும் பார்த்திருக்கிறேன். நான் பிரிப்பது ஒன்றை வைத்துத்தான்: தப்பு நடந்தால் சத்தம் வருமா? சத்தம் வரும் வேலைகளை நண்பனின் வழியில் செய்யலாம். பழைய எழுத்து, யாரோ ஒருவரின் மருந்துக் கணக்கு, வாடகைப் பதிவு என்று தப்பு வாயை மூடிக்கொண்டு உட்காரும் வேலைகளில், நிரல் எழுதுவதற்கு முன் படிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அப்படிப் படிக்கும்போதும் ஏஜெண்ட் எனக்குப் பதிலாகப் படிப்பதில்லை. நான் எதைப் படிக்க வேண்டும் என்று காட்டுகிறது. நாலாவது பக்கத்து விதியை அது அவ்வளவு தெளிவாக எழுதி வைக்காமல் நிரலுக்குள் ஒரு வரியாகப் புதைத்திருந்தால், அது என் கண்ணில் பட்டிருக்குமா என்று சொல்ல முடியாது.

மீதி ஒன்பது கோப்புகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. டிஸ்கி இல்லை, டேப் இல்லை, பாமினியும் இல்லை. ஏஜெண்டை மூன்று முறை அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, இது ஏதோ ஓர் அச்சகத்தின் சொந்த எழுத்துருவாக இருக்கலாம், எண்களின் அடுக்கை வைத்து ஊகிக்கலாம், ஆனால் உறுதி சொல்ல மாட்டேன் என்கிறது. அப்படிச் சொல்லப் பழகியதே பெரிய விஷயம். அக்கா ஒரு பழைய பிஸ்கட் டின்னில் நெகிழ்வட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவற்றில் ஒன்றின் மேல் அப்பாவின் கையெழுத்தில் ‘எழுத்துரு’ என்று எழுதியிருந்ததாக அவருக்கு ஞாபகம். கிடைத்தால், அதைப் படிக்கக்கூடிய ஒரு கருவி வேண்டும். என் அலுவலகத்தில் கேட்டேன், அங்கே இருக்கும் பையன்களில் பாதிப் பேர் நெகிழ்வட்டைப் பார்த்ததே இல்லை.